முகத்தில் காற்றுப் படாத மாதங்கள்

இன்று காலை முகச்சவரம் செய்தேன். வலது கன்னத்தில் கத்தியை வைத்து மேலுதடுவரை இழுத்தேன். பிறகு குழாய்த் தண்ணீரை அள்ளி அடித்துக் கழுவினேன். இதையெல்லாம் ஒரு மனிதன் எழுதிவைப்பானா என்று கேட்பீர்கள். பல மாதங்களாக என் வலது கன்னத்தில் நான் உட்பட ஒருவரும் கைவைத்ததில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு வந்த நோய் வந்தவர்கள் அதைப் பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரிவது சாதாரணமாம். நானும் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வாசிப்பவர்களில் ஒருவருடைய பல்லாவது தப்பட்டும்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். நான் ரியூட்டரி வாத்தியார். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வாய்தான் பிழைப்பு. மனைவி கௌரிக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. ஊராரின் இரத்தத்தையும் சளியையும் நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, பின்னேரம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவாள். மகள் மெல்பேணில் படிக்கிறாள்.

கௌரி கடவுளை நம்புகிறவள். நான் நம்பாதவன். கலியாணம் செய்த புதிதில் இதைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறோம், பிறகு அலுத்துவிட்டது. ஆனால் அவள் வேலைக்குப் போகுமுன் சாமித் தட்டிலிருந்து திருநீறு எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள். அவள் கட்டை, நான் குனிய வேண்டும். நெற்றியில் பூசுவாள். இடக்கையால் என் கண்களை மறைத்துக்கொண்டு, மிச்சத் தூள் விழாதபடி "பூ" என்று ஊதுவாள். நான் மறுத்ததே இல்லை. பக்தி ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு கிட்டத்தில் நிற்பது அந்த ஒரு நேரம்தான், எனக்கு அது பிடித்திருந்தது.

அப்படி ஒரு காலையில் அவள் ஊதியபோது என் மூக்கின் வலது ஓரத்தில் மின்சாரம் அடித்தது. பழைய இஸ்திரிப்பெட்டியில் கைபட்டு ஷொக் அடிக்குமே, அந்தச் சாதி. காதடி வரை ஒரு கம்பியாக ஓடி, நான் சத்தம் போடுவதற்குள் நின்றுவிட்டது. கௌரி கை நிறையத் திருநீறோடு திகைத்து நின்றாள்.

"என்னப்பா? கண்ணுக்குள்ள போட்டுதோ?"

"இல்லை. பல்லாக்கும்," என்றேன்.

அந்தப் "பல்லாக்கும்" என்னை நேரே பல் வைத்தியரிடம் கொண்டுபோனது. அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லில் பழுது இல்லையே என்று இழுத்தார். நான்தான் கடைவாய்ப் பல்லைச் சுட்டிக்காட்டி இதுதான் என்று அடித்துச் சொன்னேன். பிடுங்கினார். வலி அந்த ஓட்டையையும் தாண்டித் தன்பாட்டில் ஓடியது.

அதற்குப் பிறகு அது ஒரு ஒழுங்குக்கு வந்தது. பல் துலக்கினால் அடிக்கும். முகம் கழுவினால் அடிக்கும். வலப்பக்கத்தால் சப்பினால் அடிக்கும். "ப", "ம" என்று உதடு ஒட்டும் எழுத்துகளைச் சொன்னால் அடிக்கும். பிணைப்பு, பல்பகுதியம், மூலக்கூறு எல்லாமே அந்த எழுத்துகளில் தொடங்கும் தொழிலில் நான் இருந்தேன். எல்லாவற்றையும்விட மோசமானது காற்று. கடலைப் பார்த்த வீடு என்று ஆசையாக எடுத்த வீட்டின் ஜன்னல்களை எல்லாம் அடைத்தோம். ஓட்டோவில் போனால் முகத்தைச் சால்வையால் சுற்றிக்கொள்வேன். கொழும்பு வெயிலில் காலி வீதியால் சால்வை சுற்றிக்கொண்டு போகும் ஆளைப் பார்த்து என் மாணவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன்.

கௌரி திருநீறு பூசுவதை நிறுத்திவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் சாமித் தட்டுக்கு முன்னால் தான் மட்டும் பூசிக்கொண்டு, கதவடியில் நின்று "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வலிக்கு நான் எடுத்த மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரசாயனவியல் வாத்தியாருக்கு இந்த இடத்தில் வாய் நிற்காது.

வீட்டு மேசை லாச்சியில் எப்போதும் கிடப்பது பரசிற்றமோல். உலகம் முழுக்க விழுங்கும் இந்தக் குளிசை உடம்புக்குள் சரியாக எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் முழுத் தெளிவு இல்லை. பெரும்பாலும் மூளையிலும் முள்ளந்தண்டிலும் என்கிறார்கள். அடுத்தது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை. உடம்பில் ஓரிடம் காயப்பட்டால் அங்குள்ள கலங்கள் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருளைச் செய்கின்றன. அது அங்குள்ள வலி நரம்புகளைக் கூருணர்ச்சியாக்கிவிடும், தொட்டாலே நோகும். இந்த மருந்துகள் அந்தப் பொருளைச் செய்யும் நொதியத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது, ஆகவே வெறுவயிற்றில் விழுங்கினால் வயிறு எரியும். மூன்றாவது, கசகசாச் செடியின் பாலிலிருந்து வரும் மோர்ஃபீன் வகை. அது காயத்துக்குப் போவதில்லை. வலிச் செய்தி மேலே போகும் பாதையில் சில வாங்கிகள் இருக்கின்றன, அவற்றில் போய் அமர்ந்து செய்தியை அமுக்கிவிடுகிறது. அந்த வாங்கிகள் கசகசாச் செடிக்காக நம் உடம்பில் காத்திருக்கவில்லை. உடம்பே மோர்ஃபீன் போன்ற பொருட்களைச் செய்துகொள்கிறது, எண்டோர்பின் என்பது அதில் ஒரு வகை.

என் முகத்துக்கு முதல் இரண்டும் பச்சைத்தண்ணீர். எங்கும் காயமும் இல்லை வீக்கமும் இல்லை என்றால் அவை எதைப் போய்த் தணிக்கும்?

கடைசியில் கௌரி தன் ஆய்வுகூடத்தில் விசாரித்து ஒரு நரம்பு வைத்திய நிபுணரைச் சனல் பண்ணி, பார்க்க நேரம் எடுத்தாள். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், மெல்லப் பேசுபவர். காத்திருக்கும் இடத்தில் என் இலக்கம் வருவதற்குள் குளிரூட்டியின் காற்று படாத கதிரையைத் தேடி நான் இடம் மாறி மாறி இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் அவரை வெறுத்து எழும்புகிறேன் என்று நினைத்திருப்பார்.

நான் சொல்லி முடிக்கவே விடவில்லை அவர். "காத்துப் பட்டால் அடிக்குது, ரெண்டு மூண்டு செக்கனில நிக்குது, பிறகு ஒண்டுமில்லை. அப்பிடித்தானே?" என்றார். "பல்லு பிடுங்கியாச்சோ?"

வாயைத் திறந்து காட்டினேன்.

"எல்லாரும் பிடுங்கிப்போட்டுத்தான் என்னட்ட வருவினம்," என்றார்.

முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. முக்கிளை நரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மூளைத்தண்டில் சேரும் இடத்துக்குக் கிட்ட ஒரு இரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து, நாடி துடிக்கும்போதெல்லாம் தட்டுகிறது. தட்டித் தட்டி நரம்பின் உறை தேய்ந்துவிடும். உறை தேய்ந்த வயரில் ஒழுக்கு வருவதுபோல, மெல்லிய தொடுகைகூட வலியாகப் பாய்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் எனக்கும் அப்படி ஒரு குழாய் வளைந்து கிடந்தது.

இதற்குக் கொடுப்பது வலிமருந்தே இல்லை, வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மருந்து. கார்பமசெப்பீன் என்று பெயர். நரம்பில் செய்தி ஓடுவது என்றால் சோடியம் அயன்கள் சின்னச் சின்ன வாசல்களால் உள்ளே பாய்வது. இந்த மருந்து, அளவுக்கு மிஞ்சித் திறந்து மூடும் வாசல்களை மட்டும் கொஞ்சநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அமைதியாக இருக்கும் நரம்பை அவ்வளவாகக் கவனிக்காது. படித்தபோது, வலியை மறந்து "சோக்கான மருந்து" என்று கௌரியிடம் சொன்னேன். "ம"வில் அடித்தது.

முதலில் அது மட்டும் தந்தார். பாதிதான் குறைந்தது. அடுத்த முறை போனபோது கபாபென்ரின் ஒன்றும், அமிற்றிப்ரிலீன் ஒன்றும் கூட்டினார். கார்பமசெப்பீனின் அளவையும் ஏற்றினார். ஒரு கிழமைக்குள் வலி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

அது போனதை நான் கண்டுபிடித்தது ஒரு பின்னேரம். யோசிக்காமல் ஒரு தட்டைவடையை வலப்பக்கத்தால் கடித்துவிட்டேன். சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து கௌரி ஓடிவந்தாள். நான் இன்னொரு கடி கடித்துக் காட்டினேன். அவள் அப்படியே கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள். அழுது முடித்துச் சொன்ன விஷயம்தான் வேடிக்கை.

அவள் நாலு இடத்தில் நேர்த்தி வைத்திருந்தாள். எங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக ஒன்று. செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக ஒன்று. ஆய்வுகூடத்துக்குக் கிட்டவுள்ள விகாரையில் அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஒன்று. அவளோடு வேலைசெய்யும் மாளிகாவத்தை முஸ்லிம் பெண் ஓதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதை எனக்கே தெரியாமல் என் பால் விடாத பிளேன்ரீயில் கலந்துவிட்டு, நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு அரிசி கொடுப்பதாக இன்னொன்று. எல்லாம் ஒரே கிழமைக்குள்.

கொழும்புச் சனத்துக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் வாசலில் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றால் யார் என்ன சமயம் என்று கணக்கே பிடிபடாது. ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா?

"கௌரி, நீர் லாப்பில வேலை செய்யிறனீர். ஒரு நேரத்தில ஒண்டைத்தானே மாத்திப் பார்க்கோணும்? நாலையும் ஒண்டாச் செய்தால் இப்ப ஆருக்கு நன்றி சொல்லுவீர்?"

அவள் மூக்கைச் சீறிக்கொண்டு திருப்பிக் கேட்டாள். "உங்கட டொக்டர் மூண்டு குளிசையையும் ஒண்டாத்தானே தந்தவர்? அவரிட்டக் கேட்டனீங்களே எது வேலை செய்தது எண்டு?"

அடுத்த முறை போனபோது கேட்டேன். நிபுணர் சிரித்தார். "தெரியேல்லை மாஸ்ரர். நல்லாப் போறதை ஏன் குழப்புவான்? மூண்டையும் தொடருங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். கௌரிக்கு வெற்றி. "நானும் அதைத்தான் செய்யப்போறன். நாலு பேருக்கும் செய்துவிட்டால் ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது," என்றாள். போதாக்குறைக்கு இந்த நோய் எந்த மருந்தும் இல்லாமலே சில காலம் தானாக ஒளிந்துவிட்டுப் பிறகு வரும் பழக்கம் உள்ளது. ஆக, எட்டாவது ஆளாக நோயே தன் பங்குக்கு உரிமை கேட்கலாம். மூன்று குளிசை, நாலு தெய்வம், ஒரு நோய். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி ஒரு பரிசோதனையை எழுதித் தந்தால் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவேன். ஒரு வாசிப்பு வாசிப்பே அல்ல, திருப்பிச் செய்து பார்த்து ஒத்துவந்தால்தான் எழுது என்று அவர்களுக்கு ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறேன்.

அந்த நல்ல காலத்திலும் கௌரி திருநீற்றைக் கொண்டுவரவில்லை. நானும் குனிந்து நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் உள்ளூரப் பயம்.

பிறகு எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. நடந்தால் ஒரு பக்கம் இழுக்கும். வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு சமப்படவில்லை என்று மூன்று பிள்ளைகள் கையுயர்த்தினார்கள். அது சமப்பட்டுத்தான் இருக்கிறது என்று நான் சண்டைபிடித்தேனாம். அன்று என் இரத்தத்தைக் குத்தி எடுத்தவள் கௌரிதான். தன் ஆய்வுகூடத்திலேயே போட்டுப் பார்த்து, முடிவை என்னிடம் சொல்லாமல், ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு என் உடுப்புகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

இரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. கார்பமசெப்பீன் சிலரில் இப்படிச் செய்யும். உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள, உப்பு நீர்த்துப்போகிறது. கூட இறங்கினால் வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம். நரம்பின் சோடியம் வாசலை மூடுவதும் இதுவும் வேறு வேறு சங்கதிகள், இரண்டிலும் சோடியம் வருகிறது என்பதற்காக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். நான் அரைமயக்கத்தில் வார்ட் டொக்டருக்கே இதை விளங்கப்படுத்தினேன் என்று கௌரி பிறகு சொல்லிச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தினார்கள். குடிக்கும் தண்ணீரை அளந்து தந்தார்கள். உப்பு மெல்ல ஏறியது, தலை தெளிந்தது. எந்தக் குளிசை வேலை செய்தது என்ற கேள்விக்கு அப்போது பதிலும் கிடைத்தது. கார்பமசெப்பீனை நிறுத்திய சில நாட்களில் வலி திரும்பி வந்தது, முன்னரைவிட மோசமாக.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கட்டிலுக்கு மேலே இருந்த காற்றாடியை நிறுத்தச் சொன்னோம், பக்கத்துக் கட்டில்காரர் வேர்த்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அவருக்கு என் நன்றி. கௌரி சோற்றைச் சொதிவிட்டுக் குழைத்து, ஆறவிட்டு, சின்னக் கரண்டியால் இடது கடைவாயில் வைப்பாள். கை என் முகத்தில் முட்டிவிடாமல் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். மகள் வீடியோவில் வந்து தனியாகவே கதைத்துக்கொண்டிருப்பாள், நான் தலையை ஆட்டுவேன். பில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை, கௌரி அதை எங்கேயோ வைத்துச் சமாளித்தாள். கதைக்க முடியாததால் நான் போனில் எழுதிக் காட்டுவேன்.

ஒருநாள் மத்தியானம், கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்திருந்து கௌரி சொன்னாள். "நான் நாலு இடத்திலயும் கேட்டிருக்கக் கூடாது. ஒருத்தரை நம்பிக் கேட்டிருக்கோணும். அதுதான் திரும்பி வந்திட்டுது."

"அப்ப டொக்டரும் ஒரு குளிசையைத்தான் நம்பியிருக்கோணும்," என்று எழுதிக் காட்டினேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியும், நரம்புதான். படத்தையும் பார்த்தனான். ஆனா அண்டைக்கு ஊதினது நான்தானே. சாமித் தட்டில கை வைக்கேக்க எல்லாம் உங்கட முகம் சுழிச்சதுதான் கண்ணில நிக்குது. இனி நீங்கள் கேட்டாலும் என்ர கை வராது."

அவ்வளவு நாளும் எனக்கு வேண்டியது வலி நிற்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மத்தியானம் எனக்கு வேண்டியது வேறொன்று என்று தெரிந்தது. காலையில் அவள் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். டொக்டர்மார் சொல்லிக்கொண்டிருந்த சத்திரசிகிச்சைக்கு ஓம் என்று சொன்னது அன்றுதான்.

காதுக்குப் பின்னால் மயிரைச் சிரைத்து, எலும்பில் சின்னத் துளை இட்டு, உள்ளே போய், நரம்பில் சாய்ந்திருக்கும் குழாயை விலக்கி, இரண்டுக்கும் நடுவில் பஞ்சுபோன்ற ஒரு துண்டை வைத்துவிட்டு வருவது. சொல்ல இலகு. வலது காது கேட்காமல் போகலாம், முகம் கோணலாம், அபூர்வமாக அதைவிட மோசமானதும் நடக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது. வெளியே காட்டவில்லை. எனக்குப் பயம் வந்தால் கேள்வி கேட்கத் தொடங்குவேன்.

ரியூட்டரியில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும், "சேர், விஞ்ஞானி எண்டால் கடவுளை நம்பக்கூடாதா?" நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், நம்பாதவர்களும் இருக்கிறார்கள், இரண்டையும் இரண்டு அறையில் பூட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன். இப்போது என் மண்டையைத் திறக்கப் போகிற விஞ்ஞானிகளிடமே கேட்கலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு சொல்லுக்கும் கன்னத்தைப் பிடிக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

நரம்பு நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நத்தார்ப் பூசைக்குக் கோயிலுக்குப் போவன். அம்மாவின்ர நினைவு நாளுக்குப் போவன். இருக்கிறாரோ எண்டால், மாஸ்ரர், எனக்குத் தெரியாது. தெரியாது எண்டு சொல்லுறதுக்கு வெக்கப்படுறதில்லை. உங்கட குளிசையிலயும் அதைத்தானே சொன்னனான்."

சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர். மணிக்கட்டில், பிக்குமார் ஓதிக் கொடுக்கும் வெள்ளைப் பிரித் நூல் கட்டியிருந்தார். அதைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டேன். மனைவி கட்டிவிடுவது என்றார். ஒபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது அதோடு கை கழுவ முடியாது, கிருமி தங்கும். ஆகவே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போவாராம், கழற்றத் தோதாக மனைவியும் தளர்த்தித்தான் கட்டுவாளாம். "புத்தர் ஒரு கடவுள் இல்லை, தெரியும்தானே? ஆனால் நூல் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டு, என் காதடியில் பேனையால் கோடு போட்டார். கை அசையவே இல்லை.

மயக்க மருந்து கொடுத்தவர் ஒரு முஸ்லிம் பெண் டொக்டர். தியேட்டரில், கையில் ஏற்றிய ஊசிக்குழாய் வழியாக மருந்தைத் தள்ளுமுன் அவர் உதடு அசைந்தது. பிஸ்மில்லாஹ்.

"அப்ப மருந்தில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன். அடித்தது, பொறுத்துக்கொண்டேன்.

முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "மருந்த சரியா அளந்து எடுத்துட்டுத்தான் சொல்ற, சேர். அளக்காம சொல்ற இல்ல."

அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். சொல்லுமுன் தூங்கிவிட்டேன். என்ன பதில் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

விழித்தபோது காதுக்குப் பின்னால் வெட்டுக்காயம் நொந்தது. அது நேர்மையான வலி. காயம் இருக்கும் இடத்தில் இருந்தது, விட்டு விட்டு அடிக்கவில்லை. மோர்ஃபீன் போட்டார்கள், இந்த வலிக்கு அது வேலை செய்தது. வலி அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதைப் பற்றி எனக்கு ஒரு அக்கறை இல்லாமல் போய்விட்டது. அந்த மிதப்பில் கிடந்தபோது வகுப்பில் சொல்லும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. மருந்தே இல்லாத பொய்க் குளிசையைக் கொடுத்தாலும் சிலருக்கு வலி குறைகிறது. அவர்களுக்கு மோர்ஃபீனைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், அந்தக் குறைவும் பல வேளைகளில் இல்லாமல் போகிறது. அப்படியென்றால் நம்பிக்கையும் உடம்பின் சொந்த மோர்ஃபீன் வழியாகத்தான் ஓரளவு வேலை செய்கிறது. நம்புகிறவர்கள் இதைத் தங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளலாம், நான் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன். கௌரியிடம் சொன்னால், அந்த வாங்கியை அங்கே வைத்தது ஆர் என்று கேட்பாள். ஆகவே சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். மணிக்கட்டில் நூல் திரும்பியிருந்தது. பஞ்சை உருட்டி என் கன்னம், மேலுதடு, மூக்கோரம் என்று தடவினார். தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன். நோகிறதா என்றார். இல்லை. வலது காதடியில் விரலை உரசிக் கேட்கிறதா என்றார். கேட்டது. அவர் போன பிறகும் நான் நம்பவில்லை. பஞ்சு வேறு, காற்று வேறு. குளிசை வேலை செய்த நாட்களிலும் நான் இப்படித்தான் தட்டைவடை தின்றேன்.

கௌரி அவ்வளவு நேரமும் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, கடதாசியில் மடித்த திருநீற்றை எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்க்காமல் தனக்குப் பூசிக்கொண்டு மடிக்கப் போனாள்.

"எனக்கு?" என்றேன்.

"வேண்டாமப்பா. இப்பதானே."

"முந்தி ஒவ்வொரு நாளும் நீர்தானே எனக்குப் பூசினனீர்?"

கிட்ட வந்தாள். இந்த முறை நான் குனியத் தேவையில்லை, படுத்திருந்தேன். கட்டுப் போட்ட பக்கத்தைத் தவிர்த்து நெற்றியில் மூன்று விரலால் மெல்ல இழுத்தாள். பழக்க தோஷத்தில் இடக்கை என் கண்களுக்கு மேலே வந்துவிட்டது. உதட்டைக் குவித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய உள்ளங்கைக்குள் இருட்டாக இருந்தது.

"காணும்," என்று கையை எடுக்கப் போனாள்.

கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊதுமன்."

"ஏலாதப்பா."

"ஊதும் கௌரி."

பிறகு ஊதினாள். ஊதினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சை விட்டாள். நெற்றியிலிருந்து இறங்கி, மூக்கின் வலது ஓரத்தால், மேலுதட்டைத் தடவிக்கொண்டு காற்றுப் போனது. இஞ்சித் தேத்தண்ணி மணத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

கௌரி கையை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா, கண் கலங்குது? அடிச்சுதோ?"

"இல்லை. திருநீறு கண்ணுக்குள்ள போட்டுது. வடிவா ஊதேல்லை நீர்," என்றேன். "இன்னொருக்கா ஊதும்."